விலாங்குக் குஞ்சுகளின் மார்கழி

அவளுடைய வலையைக் காணவில்லை.

கார்த்திகை மழை நான்காவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. திருக்காட்டுப்பள்ளிக்குக் கிழக்கே, ஆற்றுக்குக் குறுக்கே நிற்கும் பழைய கதவணையின் மேல் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுப் பூவிழி கைப்பிடிச் சுவரில் குனிந்து பார்த்தாள். நேற்று மாலை மூன்றாவது மதகுக்குக் கீழே அவள் கட்டிவிட்டுப் போன பை வலை அங்கே இல்லை. அறுந்த கயிறு ஒன்று மட்டும் கலங்கல் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது.

நாற்பது நாள் அலைந்து தைத்து வாங்கிய வலை…

கரையில் ஒருவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. அவன் முன்னால் வலை ஒரு குவியலாகக் கிடந்தது. அதில் சிக்கியிருந்த ஆகாயத்தாமரையை அரிவாளால் அறுத்து எறிந்துகொண்டிருந்தான்.

பூவிழி படியிறங்கி அவன் முன்னால் போய் நின்றாள்.

"இது என் வலை."

"அப்படியா? நல்லதாப் போச்சு. யாரைப் பிடிச்சுக் கொடுக்கிறதுன்னு தேடிக்கிட்டு இருந்தேன்." அவன் நிமிரவில்லை. "ஆத்துல வலை கட்டக் கூடாதுன்னு அங்க போர்டு இருக்கே, படிக்கலீங்களா?"

"படிச்சேன். படிச்சதாலதான் உங்க ஆபீஸ்ல முறையா அனுமதி வாங்கினேன். அந்தக் கடிதத்தை நீங்க படிக்கலீங்களா?"

அப்போதுதான் அவன் நிமிர்ந்தான். இமையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டியது. அவள் அவ்வளவு கோபத்திலும் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டாள்… சண்டைக்கு நிற்கிறவனின் கண்கள் இல்லை. எதற்காகவோ நெடுநாள் காத்திருந்து, இனி வராது என்று தெரிந்த பிறகும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருக்கிறவர்களின் கண்கள் அப்படி இருக்கும்.

பிளாஸ்டிக் உறையில் இருந்த மீன் ஆராய்ச்சி அனுமதிக் கடிதத்தை அவள் நீட்டினாள். அவன் நிதானமாகப் படித்தான். தேதியை இரண்டு முறை பார்த்தான்.

"பத்து நாளாச்சு. எங்கிட்ட இன்னும் வந்து சேரல. கடிதம் உங்க மீனை விட மெதுவா நீந்தி வருது போல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அறுந்த வலைக்கண்களை விரலால் தொட்டுப் பார்த்தாள். அதை அவன் கவனித்திருக்க வேண்டும். தாமரை வந்து வலையில் அடைத்துத் தண்ணீர் மேலேறியதால்தான் அறுக்க வேண்டியதாயிற்று என்று தணிந்த குரலில் சொன்னான். பிறகு மதகுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன அறைக்குப் போய் நைலான் நூலும் மூங்கில் ஊசியும் எடுத்து வந்தான். கிழிந்த இடத்தைத் தொடையில் விரித்துப் போட்டுக்கொண்டு முடிச்சுப் போடத் தொடங்கினான்.

பூவிழி அவன் கைகளையே பார்த்தாள். நெல் விளையும் இந்த ஊரில் நாற்று முடிச்சு கட்டத் தெரிந்த கைகள் ஆயிரம் உண்டு. வலை பின்னத் தெரிந்த கை ஏது? அவன் விரல்கள் கண்ணில் படாத வேகத்தில் ஓடின.

எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டாள்.

"நாகப்பட்டினம்," என்றான். அடுத்த முடிச்சுக்கு நூலை இழுத்தான்.

அவன் பெயர் எல்வின். கதவணையின் மதகுகளை ஏற்றி இறக்கும் ஊழியன். லஸ்கர் என்று ஊரில் சொல்வார்கள். ஒரு மணி நேரத்தில் வலை முழுசாகிவிட்டது. அவனே தண்ணீரில் இறங்கிக் கட்டியும் கொடுத்தான். நன்றி சொல்லக் கூடாது என்று அவள் பிடிவாதமாக ஸ்கூட்டியைக் கிளப்பினாள். பாலம் தாண்டியதும் ஏனோ ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்… அவனும் பார்த்துக்கொண்டுதான் நின்றான்.

பூவிழி எண்ணிக்கொண்டிருந்தது விலாங்குக் குஞ்சுகளை.

விலாங்கு மற்ற ஆற்று மீன்களைப் போல இல்லை. ஆற்றில் வளர்ந்து, முட்டையிட மட்டும் கடலுக்குப் போகும். போனது திரும்பாது. நடுக்கடலில் பிறக்கும் குஞ்சு, பெற்றவர்களைப் பார்க்காமலே, நல்ல தண்ணீரைத் தேடித் தன்னந்தனியாக ஆற்று முகத்துக்கு வந்து சேரும். அப்போது அது கண்ணாடிபோல இருக்கும். உடம்பு தெரியாது… கறுப்பாக இரண்டு கண்கள் மட்டும் தண்ணீரில் மிதந்து வருவது போலிருக்கும்.

போன தை மாதம், சீர்காழிக்குக் கிழக்கே ஆறு கடலில் சேரும் இடத்தில், சற்றே வளர்ந்த குஞ்சுகளாகப் பார்த்து ஆயிரத்து இருநூறைப் பிடித்தாள். ஒவ்வொன்றின் வாலருகே தோலுக்கடியில் ஊசியால் ஆரஞ்சுச் சாயம் ஏற்றி விட்டாள். அதில் எத்தனை உயிரோடு மேலே ஏறி வருகின்றன என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வழியில் நான்கு கதவணைகளில் வலை. முதலாவதில் இருநூற்றுப் பன்னிரண்டு கிடைத்தன. இரண்டாவதில் நாற்பத்தேழு. மூன்றாவதில் ஒன்பது. இது நான்காவது. இங்கே ஒன்றுகூட வரவில்லை. தை முடிவில் ஆற்றில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். அதோடு ஆராய்ச்சியும் முடியும். பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுதிவிடு என்று வழிகாட்டிப் பேராசிரியர் போனில் சொல்லிவிட்டார்.

தினமும் காலை எட்டு மணிக்கு அவள் வருவாள். அவன் வலையைத் தூக்கிக் கொடுப்பான். கெண்டையும் கெளுத்தியும் இறாலும் இருக்கும். சில நாள் விலாங்குக் குஞ்சும் இருக்கும், சாயம் இல்லாமல். சாயமிட்டது இல்லையென்றால் அவள் நோட்டில் ஒரு கோடு போடுவாள்.

"இன்னைக்கும் கோடுதானா மேடம்?"

"கோடுதான் சார்."

"எனக்குக்கூடப் பள்ளிக்கூடத்துல வாத்தியார் இவ்வளவு கோடு போட்டதில்ல."

இப்படி ஏதாவது சொல்வான். ஒரு நாள் அவள் சிரித்துவிட்டாள். அதன் பிறகு 'மேடம்' காணாமல் போனது. எப்போது பூவிழி ஆனாள் என்று இருவருக்குமே தெரியாது.

டிசம்பர் இருபத்தாறாம் தேதி அவன் ஒன்றும் பேசவில்லை. வலையைத் தூக்கிக் கொடுத்தான். போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டான். நேற்றுத்தானே கிறிஸ்துமஸ், கேக் எங்கே என்று விளையாட்டாகக் கேட்டுக்கொண்டே அவள் பக்கத்தில் போனாள். அவன் முகத்தைப் பார்த்ததும் கேள்வி பாதியில் நின்றது.

அவன் சொன்னான். சத்தமில்லாமல், யாருக்கோ நடந்ததைப் போலச் சொன்னான். ஒன்பது வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை. அம்மா ஆரோக்கியம் அடுப்படியில் இருந்தாள். அப்பா கரையில் வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கடல் வந்தது. அவன் ஒரு வேப்பமரத்தில் மாட்டிக்கொண்டிருந்தான். முகாமில் அவன் மணிக்கட்டில் துணியைக் கட்டி ஒரு எண் எழுதினார்கள். ஆறாவது நாள் அம்மாவின் அண்ணன் பெரியநாயகசாமி, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒட்டியிருந்த பட்டியல்களையெல்லாம் விரல் வைத்துப் படித்துப் படித்து அவனைக் கண்டுபிடித்தார்.

பூவிழி கையிலிருந்த நோட்டைப் பார்த்தாள். அவளுக்கு அதை எங்காவது ஒளித்துவைக்க வேண்டும் போலிருந்தது.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நான் இதுங்களை இப்படி எண்ணிக்கிட்டு…"

"எண்ணணும்ங்க," என்றான் எல்வின். "யாரோ உக்காந்து எண்ணி எழுதி வெச்சதாலதான் மாமாவுக்கு நான் கிடைச்சேன். எண்ணாதது எதுவும் இருந்ததாவே ஆகாது."

பிறகு தண்ணீரைப் பார்த்தபடி கேட்டான்.

"இதுங்களுக்குப் பெத்தவங்க யாருன்னே தெரியாதா?"

"தெரியாது."

"அப்புறம் எப்படி இங்க வரணும்னு தெரியும்?"

அது இன்னும் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றாள் அவள். அவன் தலையை ஆட்டினான். மழை மறுபடி தூறத் தொடங்கியது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

மறு வாரம் அவள் வந்தபோது கதவணை வேறு மாதிரி இருந்தது. மூன்று மதகுகளின் ஓரத்திலும் பருமனான வைக்கோல் பிரிகள் மேலிருந்து கீழே தண்ணீர் வரை தொங்கின. வண்டியில் வைக்கோல் பாரம் கட்டத் திரிப்பார்களே, அதே பிரி. விலாங்கு பாம்பு மாதிரி ஊரும் என்று அவள் சொல்லியிருந்தாள். ஈரமான பிடிமானம் இருந்தால் குஞ்சு செங்குத்தாகக்கூட ஏறும். இந்தக் கதவின் வழுக்கும் இரும்பில்தான் ஏற முடியாமல் கீழேயே கிடந்து கொக்குக்கு இரையாகிறது என்றும் சொல்லியிருந்தாள். எல்வின் மாமாவின் களத்திலிருந்து வைக்கோலை எடுத்து, இரண்டு நாள் உட்கார்ந்து கை தோல் உரியத் திரித்திருக்கிறான்.

"ஏறுமா?" என்று கேட்டான்.

"தெரியல… ஏறலாம்."

மூன்றாம் நாள் காலை ஏறியது. விரல் நீளத்தில் ஒரு குஞ்சு. வைக்கோலுக்குள் நெளிந்து, நின்று, மூச்சு வாங்குவது போலக் கிடந்து, மறுபடி நெளிந்து… மேலே வந்துசேர அரை மணி நேரமானது. இருவரும் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பூவிழி அதை மெல்ல வாளியில் ஏந்தினாள். சாயம் இருக்கிறதா என்று நீல விளக்கு அடித்துத்தான் பார்க்க வேண்டும். அதற்கு இருட்டு வேண்டும். அவன் தன் மழைக்கோட்டைக் கழற்றி இருவர் தலைக்கும் மேலாகப் போர்த்திப் பிடித்தான்.

அந்தச் சின்ன இருட்டில் அவன் மூச்சு அவள் நெற்றியில் பட்டது. ஈர வைக்கோல் வாசனை. அவள் விளக்கை அழுத்தினாள்.

வாலருகே ஓர் ஆரஞ்சுக் கீற்று, தணல் போல மின்னியது.

அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. ஒரு வருடம் முன்பு இந்தக் கைகளில் இருந்த உயிர்… கடலோரத்திலிருந்து மூன்று கதவுகளைத் தாண்டி இங்கே. அவன் கை அவள் கையின் மேல் வந்து அமர்ந்தது. அவள் எடுக்கவில்லை. கோட்டுக்கு வெளியே மழை சத்தமாகப் பெய்தது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை எல்வின் தன் மாமாவை அழைத்துக்கொண்டு பெண் கேட்டு அவள் வீட்டுக்கு வந்தான்.

வடகரைக் கிராமம். பூவிழியின் அப்பா வைரக்கண்ணு முப்பது வருடம் பிறர் வயலில் வேலை செய்து, இப்போது சொந்தமாக ஒன்றரை ஏக்கர் நடுகிறவர். அம்மா ராமாயி புதுப் புடவை கட்டியிருந்தாள். நாற்காலிகளைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். பெரியநாயகசாமி மாதா கோவில் தெருவில் மதிப்புள்ள ஆள்; ஐந்து ஏக்கர் நஞ்சை. பெண் நன்றாகப் படித்தவள், வேற்று மதம், மற்றபடி நல்ல குடும்பம் என்று மட்டும்தான் மருமகன் சொல்லியிருந்தான். ஊருக்குள் நுழைந்து, வண்டி எந்தத் தெருவில் திரும்புகிறது என்று பார்த்ததுமே அவர் முகம் மாறிவிட்டது.

அவர் கெட்ட வார்த்தை ஒன்றும் சொல்லவில்லை. மரியாதையாகத்தான் உட்கார்ந்தார். இந்த வருஷத்து விளைச்சலைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். ராமாயி காபி கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை, வேண்டாம் என்றார். தண்ணீராவது என்றாள் ராமாயி. அதுவும் வேண்டாம் என்றார். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார்.

எல்வின் தலை குனிந்தபடி பின்னாலேயே போனான்.

ராமாயி நிறைந்திருந்த டம்ளரை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். ஊற்றினாள். கழுவினாள். நெடுநேரம் கழுவிக்கொண்டே இருந்தாள். வைரக்கண்ணு மகள் முகத்தைப் பார்க்காமல் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில்.

பூவிழிக்கு அந்தப் பெரியவர் மேல் கோபமில்லை. அப்படிப்பட்டவர்களை அவள் பள்ளிக்கூடத்திலிருந்தே பார்த்து வந்திருக்கிறாள். ஆனால் அவன்… எண்ணாதது இருந்ததாகவே ஆகாது என்று சொன்னவன், அம்மாவின் காபியை எண்ணவில்லையே.

போனில் அவனுக்கு ஒரே வரி அனுப்பினாள். 'வாயைத் திறக்காதவரோடு என்னால் வாழ முடியாது. வர வேண்டாம்.' அவன் அழைத்தான், பலமுறை. அவள் எடுக்கவில்லை. அவன் மாமாவின் களத்துக்குப் போகும் நேரம் பார்த்துக் கதவணைக்கு வந்து, வலையைத் தானே தூக்கி, தானே எண்ணிவிட்டுப் போனாள்.

தை முடியும்போது மேலே தண்ணீரை நிறுத்தினார்கள். பத்தே நாளில் ஆறு மணலாகிவிட்டது. கதவணைக்குக் கீழே மட்டும் முழங்கால் ஆழத்துக்கு ஒரு மடு. அதைச் சுற்றிக் கொக்குகள் பொறுமையாக நின்றன. கதவுக்கு மேல்புறம் தேங்கிய தண்ணீர் இன்னும் ஆழமாக இருந்தது. அங்கே போய்ச் சேர்ந்தவை வெயில் காலத்தைக் கடந்துவிடும். கீழே கிடப்பவை கடக்காது. ஒருநாள் மத்தியானம் அக்கரையிலிருந்து பார்த்தாள். எல்வின் மேலிருந்து வாளி வாளியாக மொண்டு, அந்த வைக்கோல் பிரிகள் காயாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். யாரும் சொல்லாத வேலை. அவள் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள்.

மாசி மூன்றாவது வாரத்தில் வலையையும் கருவிகளையும் கழற்றிப் போக வந்தாள். கடைசி எண்ணிக்கையை எழுதினாள். நோட்டை மூடும்போது பின்னால் காலடி கேட்டது. நான்கு படி தள்ளி நின்றான். இளைத்திருந்தான். முகச்சவரம் செய்யவில்லை.

"எத்தனை?"

"ஏழு."

ஆயிரத்து இருநூறில் ஏழு… அவன் மெல்ல அந்த எண்ணைத் திருப்பிச் சொன்னான்.

"காலையில உங்க வீட்டுக்குப் போயிருந்தேன்," என்றான். "அப்பாகிட்டயும் அம்மாகிட்டயும் மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்கிறதும் மாட்டேங்கிறதும் எங்க பொண்ணு இஷ்டம்னு சொல்லிட்டாங்க."

"அன்னைக்கு ஏன் ஒரு வார்த்தை பேசல?"

அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான்.

"முகாமுல மாமா கையைப் பிடிச்சேன். ஒன்பது வயசு. விட்டா மறுபடியும் தண்ணிக்குள்ள போயிடுவேன்னு பயம். இருபது வருஷமா அந்தக் கையை விட்டதே இல்ல பூவிழி. அவர் எந்திரிச்சா நானும் எந்திரிப்பேன். அன்னைக்கும் அப்படித்தான் எந்திரிச்சேன். வண்டியில பாதி தூரம் வந்தப்பறம்தான் என்ன செஞ்சேன்னு புரிஞ்சுது. அதைச் சாக்காச் சொல்லல. கோழைத்தனம்தான். தெரியும்."

பிறகு நடந்ததைச் சொன்னான். முந்தாநாள் மாமாவிடம் பேசியிருக்கிறான். உயிரைக் கேட்டாலும் கொடுப்பேன், ஆனால் நீங்கள் அந்த வீட்டில் தண்ணீர் வேண்டாம் என்றதற்கு மட்டும் நான் துணைக்கு நிற்க மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அவன் பெட்டியைக் கட்டும்போது மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே மழை இல்லை. ஆனாலும் உள்ளே போய்த் தன் குடையை எடுத்துவந்து அவன் கையில் கொடுத்தார். இப்போது கடைத்தெருவில் ஒரு மாடி அறையில் இருக்கிறான்.

"அவரை விட்டுட்டு வந்தது எனக்கு வலிக்குது. இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்." குரல் உடைந்தது. சரிசெய்துகொண்டான். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. இதைச் சொல்ல இப்ப யார் கையையும் பிடிச்சுக்கிட்டு வரல. தனியா வந்திருக்கேன்."

பூவிழி அந்தக் கண்களைப் பார்த்தாள். முதல் நாள் பார்த்த அதே கண்கள். இன்று அவை எங்கோ தூரத்தில் இருக்கும் எதையும் தேடவில்லை. அவளைத்தான் பார்த்தன. பயந்துபோய்ப் பார்த்தன.

அம்மா கொல்லையில் டம்ளர் கழுவிய சத்தம் அவளுக்கு இன்னும் கேட்டது. அது எப்போதும் கேட்கும். அப்பா மன்னித்தாலும், இவன் நூறு முறை வந்து நின்றாலும், கல்யாணத்துக்கு அந்தப் பெரியவரே வந்து அமர்ந்தாலும் கேட்கும். அதையும் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்…

"எனக்குக் கோபம் இன்னும் போகல," என்றாள்.

"போற வரைக்கும் காத்திருக்கேன்."

"வேண்டாம். அது எப்பப் போகும்னு எனக்கே தெரியாது." அவள் அக்கரையைக் காட்டினாள். "ஒரு மத்தியானம் அங்கேர்ந்து நீங்க தண்ணி ஊத்துறதைப் பார்த்தேன், அப்புறம் தினமும் வந்து நின்னேன். ஒரு நாள்கூடத் தப்பல. கோபத்தோட வருவேன், கோபத்தோட போவேன்… உங்களைப் பார்க்காம இருக்க மட்டும் முடியல. பிடிச்சிருக்கு எல்வின். என்ன செய்றது, பிடிச்சிருக்கு."

அவன் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தோள் தோளில் பட்டது. ஆற்றில் காற்றில்லை, தண்ணீர் ஓடும் சத்தமில்லை. ஒரு கொக்கு மட்டும் குனிந்து எதையோ கொத்திக்கொண்டு நிமிர்ந்தது.

பூவிழி எழுந்தாள். மடு இன்னும் இரண்டு நாள் தாங்காது. சாயம் இருக்கிறதோ இல்லையோ, சேற்றில் எத்தனையோ கண்கள் மிச்சம் இருந்தன. அவள் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டு வாளியை எடுத்தாள். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றை எடுத்தான். இருட்டும் வரை இருவரும் சேற்றில் துழாவித் துழாவி, கைக்கு அகப்பட்டதையெல்லாம் கதவணையின் மேல்புறம் கொண்டுபோய் விட்டார்கள். எத்தனை என்று அன்று அவர்கள் எண்ணவில்லை.